சைபர் இல்லாத மெஷின்

உன் பைக் நேற்றுக் காலையில் என் டைப்பிங் கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் உன் மச்சான். பின்னால் இருந்து இறங்கிய உன் மனைவி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பொலித்தீன் பையை என் மேசையில் வைத்தாள். "அக்கா, வண்டிய என் பேருக்கு மாத்தணுமாம். இல்லாட்டி ரோட்டுல புடிக்கிறாங்களாம். நீங்கதான் எழுதிக் குடுக்கணும்" என்றாள். பையில் உன் மரணச் சான்றிதழ், வண்டியின் சி.ஆர். என்று நாம் சொல்லும் பதிவுச் சான்றிதழ், புதிதாக அச்சடித்த ஒரு படிவம், மூன்றும் இருந்தன.

படிவத்தின் அடியில், வண்டியின் இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கும் செசி நம்பரைப் பற்றிப் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. மூன்று மொழியிலும் போட்டிருந்தார்கள். சிங்களமும் இங்கிலீஷும் ஒழுங்காக இருந்தன. தமிழில் மட்டும், "செசி இலக்கதில் ஐ, ஓ, கியூ ஆகிய எலுத்துகள் இடம்பெறா" என்று இருந்தது. எழுத்து என்ற சொல்லிலேயே எழுத்துப் பிழை. நீ இருந்திருந்தால் கௌன்டரில் தட்டிச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு, சிங்களத்தில், வார்த்தைக்கு வார்த்தை நீ சொன்னது இதைத்தானே! அன்றைக்கு அதைச் சொன்னதற்கு உனக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியும். இப்போது அதையே ஒருவன் நிம்மதியாக உட்கார்ந்து அச்சடித்து, ஊர் ஊராக அனுப்பியிருக்கிறான். நீ போய் எட்டு மாதம் ஆன பிறகு. யாரிடம் போய்க் கத்துவது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீயும் நானும் ஒரே வகுப்பு. நீ ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து நடந்து வருவாய், நான் கொடகவெல பசாரில் அப்பாவின் கடைக்கு மேலிருந்து இறங்கி வருவேன். கணக்கில் நீ எப்போதும் எனக்கு மேலே. ஓ.எல். பரீட்சை முடித்ததும் நான் டைப்பிங் படிக்கப் போனேன், நீ பக்கத்துக் கடையில் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் கௌன்டருக்குப் போனாய். தொண்ணூற்றாறோ, தொண்ணூற்றேழோ. அப்போதெல்லாம் ரோட்டில் ஓடியவை பெரும்பாலும் ஜப்பான் வண்டிகள். செசி நம்பர் குட்டையாக இருக்கும், பெரும்பாலும் இலக்கம்தான். பிறகு இந்தியாவிலிருந்து புது வண்டிகள் வரத் தொடங்கின. அவற்றின் கழுத்துப் பக்கத்தில் அடித்திருந்த நம்பரோ எழுத்தும் இலக்கமும் கலந்து பதினேழு. எல்லோரும் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தபோது நீ ஒருவன்தான் அதை வாசிக்கக் கற்றுக்கொண்டாய். கம்பெனிக்காரர் விட்டுப்போன சாமான் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒரு கை சோற்றில் இருக்க, மறு கையால் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பாய்.

ஒரு நாள் சாமான் சுற்றும் பழுப்புத் தாளில் பதினேழு கட்டம் போட்டு எனக்குக் காட்டினாய். ஞாபகம் இருக்கிறதா? "இந்தா பாரு புள்ள. மொத எழுத்து எந்த நாடுன்னு சொல்லும். ஜே-ன்னா ஜப்பான், எம்-ன்னா இந்தியா. அடுத்த ரெண்டும் கம்பெனி. நடுவுல மொடல், எஞ்சின். பத்தாவது எடம் வருஷம். கடைசியில எத்தனாவது வண்டின்னு இருக்கும்."

"எம்-ல ஆரம்பிக்குதா? அப்ப ஒன் தாத்தா மாதிரின்னு சொல்லு" என்றேன் நான்.

"தாத்தாவுக்கு எவன் நம்பர் அடிச்சான்? அடிச்சிருந்தா எங்கப்பா பிரஜாவுரிமைக்கு அத்தன வருஷம் அலஞ்சிருக்க மாட்டாரே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன். பிறகு நீ பென்சிலால் தாளின் ஓரத்தில் மூன்று எழுத்து எழுதி, மூன்றையும் வெட்டினாய். ஐ, ஓ, கியூ. "இந்த மூணும் ஒலகத்துல எந்த செசியிலயும் வராது. ஒன்னையும் ஐயையும், சைபரையும் ஓவையும் எவனாவது ஒருத்தன் மாத்தி வாசிச்சிருவான்னு மொதல்லயே தூக்கிட்டாங்க. எவ்வளவு யோசிச்சிருக்கானுங்க பாரு, ஒரு இரும்புத் துண்டுக்கு" என்றாய்.

அந்தக் கடைசி வார்த்தை அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. உன் பெயரைத் தோட்டத்து ஆபிசில் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஐடென்டி கார்டில் இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் மூன்றாவது. அதைத் திருத்தித் திருத்தி நான் டைப் அடித்த சத்தியக் கடிதங்களுக்குக் கணக்கில்லை. மனுஷனை மாற்றி வாசித்துவிடுவார்களே என்று எவனும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

உன் படிப்பு எத்தனை பேருக்கு உதவியது! பக்கத்துத் தோட்ட டிவிஷன்காரர் ஒருவர், சாமி கும்பிட்டுவிட்டு, மாலை போட்ட ஒரு பைக்கோடு உன் கடைக்கு வந்து நின்றார். ரெண்டாயிரத்து நாலாம் வருஷத்து வண்டி என்று கூட வந்த தரகன் சொல்லியிருந்தான். நீ குனிந்து, கழுத்துப் பக்கத்து அழுக்கைத் துணியால் துடைத்து, விரலை வைத்து எண்ணினாய். "அண்ணே, பத்தாவது எடத்துல ஒன்னு இருக்கு. இது ரெண்டாயிரத்தி ஒன்னு. மாலைய கழட்டுங்க" என்றாய். தரகன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். மறுவாரம் அந்த அண்ணன் ஒரு முழுப் பலாக்காயைச் சுமந்துகொண்டு வந்து உன் கௌன்டரில் வைத்தார். முதலாளி முகத்தைச் சுளித்தார், பாதியை அவரே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இப்போது என் மெஷினைப் பற்றி எழுத வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அப்பா பழையதாக வாங்கித் தந்த சின்ன டைப்ரைட்டர் அது. அதில் ஒன்றுக்கும் சைபருக்கும் பொத்தானே கிடையாது. அந்தக் காலத்து மெஷின்கள் பலவும் அப்படித்தான். டைப்பிங் வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: ஒன்றுக்குச் சின்ன எல், சைபருக்குப் பெரிய ஓ. பத்து வருஷத்துக்கு மேல் நான் அப்படித்தான் அடித்தேன். தேதி, ஐடென்டி நம்பர், வீட்டு நம்பர், எல்லாவற்றிலும் சைபர் என்றால் என் விரல் தானாகப் பெரிய ஓவுக்குப் போகும். ஒருவரும் குறை சொல்லவில்லை. இலக்கங்களுக்கு நடுவே ஒரு வட்டம் இருந்தால் அது சைபர் என்று எந்தக் கிளாக்கருக்கும் தெரியும்.

ரெண்டாயிரத்து ஆறில் நீ உனக்கென்று ஒரு வண்டி வாங்கினாய். ஒரு கை மாறிய இந்திய வண்டி. எத்தனை பூரிப்பு உனக்கு! பெயர் மாற்றும் படிவத்தை நான்தான் அடிக்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்தாய். செசி நம்பரின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தாய். அதில் ஒன்று என்ற இலக்கமே இல்லை, சைபர் மட்டும் ஒரே ஒரு தடவை. பதினாலாவது இடத்தில். "சைபர்" என்று நீ தெளிவாகச் சொன்னாய். என் விரல் பெரிய ஓவை அடித்தது.

எழுத்தும் இலக்கமும் கலந்த பதினேழுக்குள் ஒரு ஓ விழுந்தால், அது எழுத்தா சைபரா என்று எந்த ஆபிஸ்காரன் கண்டான்? கண்டதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினான். சி.ஆர். வந்தது. நீ அதைப் பொலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். உலகத்தில் எந்த செசியிலும் ஓ வராது என்று எனக்குச் சொன்னவன், உன் சொந்தக் கடதாசியில் அது உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பார்த்தவன் ஒரு பொலிஸ்காரன். மறு வருஷம், பெல்மதுளைக்குப் போகும் ரோட்டில். கொழும்பில் எங்கோ குண்டு வெடித்திருந்தது, ரோட்டுக்கு ரோடு சோதனை. ஐடென்டியைப் பார்த்ததும் உன்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். வண்டியின் கழுத்தையும் சி.ஆரையும் அவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். சி.ஆர். அடிக்கும் ஆபிஸ் பிரின்டர் சைபருக்கு நடுவே குறுக்குக் கோடு போடும். உன் சி.ஆரில் மற்ற சைபர் எல்லாம் கோட்டோடு இருந்தன, செசி நம்பரில் மட்டும் கோடில்லாத வட்டம். கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை வைத்து அவன் கட்டிய கதை: நம்பர் மாற்றிய வண்டி, ஓட்டியவன் தமிழன். அவ்வளவு போதுமாக இருந்தது.

எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. மறுநாள் உன் மனைவியோடு நானும் சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு வந்தேன். வெளியே கடும் மழை. நீ கம்பிக்குப் பின்னால் நின்றாய், சட்டைப் பொத்தான் இரண்டு இல்லை, கீழுதடு வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் சார்ஜனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். அச்சுப் போன்ற சிங்களத்தில், "மாத்தயா, செசி நம்பரில் ஓ எழுத்து வராது. ஐ, ஓ, கியூ மூன்றும் வராது. கடைசி இடங்களில் எழுத்தே வராது. கம்பெனியில் கேட்டுப் பாருங்கள்" என்றாய். சார்ஜன் தலையை நிமிர்த்தாமல், "உலகத்துக்குச் சட்டம் போடுறது நீயா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. ஓ. பெரிய ஓ. என் விரல். மேசையைப் பார்த்து ஒரு எட்டு வைத்து, "மாத்தயா, அது நான்..." என்று தொடங்கிவிட்டேன்.

நீ தமிழில் குறுக்கே விழுந்தாய். "ஏ புள்ள, மழ பெய்யுது. கடையில மெஷின மூடி வச்சியா? போ, மொதல்ல அத மூடி வையி."

சார்ஜன் அப்போதுதான் நிமிர்ந்தார். "என்ன சொல்றா அவ?"

"மழையைப் பற்றிக் கேட்கிறாள், மாத்தயா. பஸ் போய்விடுமாம்" என்று சிங்களத்தில் சொன்னாய். பிறகு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் என்ன செய்வது, சொல்? எனக்கு முந்தியே உனக்கு விளங்கியிருக்கிறது. தமிழச்சி, டைப்ரைட்டர், மாறிப்போன கடதாசி. மூன்றையும் அவர்கள் சேர்த்து வாசித்தால் என்ன எழுதுவார்கள் என்று நீ கணக்குப் போட்டுவிட்டாய். நீதான் கணக்கில் எப்போதும் எனக்கு மேலே.

நான் போய் மெஷினை மூடி வைத்தேன். அதுதான் நான் செய்தது. மறுநாள் எப்படியும் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன், அதற்குள் நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய். "படிவத்தை நானே நிரப்பினேன், நம்பரை என் கவனக்குறைவால் நானே மாற்றி எழுதினேன்" என்று சிங்களத்தில் ஒரு வாக்குமூலம். பத்தொன்பது நாள் வைத்திருந்து, எச்சரித்து வெளியே விட்டார்கள். வண்டி மட்டும் மூன்று மாதம் ஸ்டேஷன் முற்றத்தில் நனைந்தது.

நீ வெளியே வந்த அன்று உன்னோடு நான் போட்ட சண்டை பசார் முழுக்கக் கேட்டிருக்கும். "செய்யாததுக்கு யாராவது சைன் வப்பாங்களா? ஒனக்கு ரோசம் இல்ல?" என்று கத்தினேன். நீ பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே, "விடு புள்ள. ஒரு முட்டைதானே" என்றாய். ஒரு முட்டைதானாம்! அந்த முட்டைக்குள் என்ன இருந்தது என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

உன் முதலாளி உன்னைக் கௌன்டருக்குள் விடவில்லை. அவர் நம்ம ஆள்தான், நம்ம கோயில் கமிட்டி ஆள். "தம்பி, நீ ஒழுங்கான பையன்தான். ஆனா ஸ்டேஷன்ல நம்பர் மாத்தினேன்னு எழுதிக் குடுத்திருக்கியே. செசி பாக்குற எடத்துல ஒன்ன எப்படி வைக்கிறது? நாளைக்கு என்னயும் கேப்பாங்க" என்றார். நம்பர் வாசிப்பதில் உன்னை விஞ்ச இந்த மாவட்டத்திலேயே ஆள் இல்லை. அதே நம்பரைச் சொல்லி உன்னைத் துரத்தினார்கள். அவரிடம் போய் உண்மையைச் சொல்லக் கிளம்பிய என்னையும் நீதான் மறித்தாய். "அவர் வாயில போட்டா அது நேரா எங்க போகும்னு தெரியாதா ஒனக்கு?" என்றாய். இரண்டாவது தடவையும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

தோட்டத்துக்குத் திரும்ப மாட்டேன் என்றாய். மாணிக்கக் கல் தோண்டும் குழிக்கு வேலைக்குப் போனாய். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று கூடை தூக்கினாய். ஒரு நாள் கடைப் பக்கம் வந்தபோது உன் கால் விரல்களுக்கிடையே வெள்ளையாக ஊறி வெடித்திருந்ததைப் பார்த்தேன். "மருந்து போடலயா?" என்று கேட்டேன். "தண்ணியில நின்னா அப்படித்தான்" என்றாய். அந்த வருஷம் நம்ம பக்கமெல்லாம் எலிக்காய்ச்சல். வெடிப்பு வழியாகத்தான் அது ஏறுமாம். ரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஆறு நாள். உன் மனைவி எனக்குச் சொல்லி அனுப்பி, நான் பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது உன் கட்டிலைக் காலி செய்து விரிப்பை மடித்துவிட்டார்கள்.

காய்ச்சலில் செத்தாய் என்று சான்றிதழ் சொல்கிறது. அதில் உன் பெயரை நாலாவது விதமாக எழுதியிருக்கிறார்கள். நான் கோபத்தோடு சொல்கிறேன்: நீ ஓ எழுத்தில் செத்தாய். என் மெஷினில் ஒரு பொத்தான் இல்லாததில், நீ சொன்னதை ஒருவன் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்கச் சோம்பல்பட்டதில், முதலாளிக்குத் தைரியம் இல்லாததில் செத்தாய். நீ என்னைப் பேசவிடாததிலும் சேர்த்துத்தான். உன்னையும் நான் விடப்போவதில்லை. என்னைக் காப்பாற்று என்று யார் உன்னிடம் கேட்டது? இரண்டு பேரும் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள். ஒருவேளை என்னையும் உள்ளே போட்டிருப்பார்கள். எதுவென்று தெரிந்துகொள்ளக்கூட நீ விடவில்லையே!

நேற்று, உன் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, நான் வாசலுக்குப் போய் உன் வண்டியின் கழுத்தைத் துணியால் துடைத்தேன். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். பதினேழும் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. ஒரு அடி வாங்காத, ஒரு கீறல் இல்லாத நம்பர். பதினாலாவது இடத்தில் சைபர், ஒடுக்கமாக, நிமிர்ந்து. எழுத்து ஓ இவ்வளவு மெலிந்து இருக்காது என்று இருட்டில் தடவிப் பார்ப்பவனுக்குக்கூடத் தெரியும்.

இப்போது கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனாலும் படிவத்தைக் கையால்தான் எழுதினேன். பதினேழு கட்டம், நீ பழுப்புத் தாளில் போட்ட மாதிரியே. சைபர் வந்ததும் நடுவே குறுக்காக ஒரு கோடு போட்டேன். நீ போன பிறகு நான் எழுதும் எல்லா சைபருக்கும் கோடு போடுகிறேன். அக்காள் மகனின் பத்தாவது பிறந்த நாள் வாழ்த்திலும் போட்டேன், "சித்தி, ஏன் வெட்டிட்டீங்க?" என்று கேட்டான்.

படிவத்தின் அடுத்த பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு பெரிய கட்டம் இருந்தது. பழைய சான்றிதழில் உள்ள இலக்கம் வேறுபட்டால் அதற்கான காரணமும், பொறுப்பானவரின் கையெழுத்தும். உன் மனைவி எட்டிப் பார்த்து, "அவரு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்ததயே போட்டுருங்கக்கா. அவருதான் தப்பா எழுதுனேன்னு சொன்னாரே" என்றாள். அவளிடம்கூட நீ சொல்லவில்லை! கட்டிய மனைவி, செத்துப்போன புருஷன் செய்த பிழை என்றே இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

"அவரு எழுதல. நான்தான்" என்றேன். மெஷின் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். அவள் அழவில்லை. உறைமேல் தூசி படிந்து மூலையில் கிடக்கும் டைப்ரைட்டரைப் பார்த்தாள். பிறகு, "ஏங்கா, இப்ப எழுதினா ஒங்களுக்கு ஒன்னும் ஆகாதா?" என்று கேட்டாள். நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவள் கேட்டாள். ஆகுமோ ஆகாதோ, எனக்குத் தெரியாது. நாட்டில் சண்டை முடிந்துவிட்டது என்று பட்டாசு கொளுத்தினார்கள், சோதனை இன்னும் ரோட்டில் நிற்கிறது.

சிங்களத்திலும் தமிழிலும் எழுதினேன். விண்ணப்பத்தை அடித்தது நான். என் மெஷினில் சைபர் இல்லாததால் ஓ எழுத்தை அடித்தேன். வண்டியின் உரிமையாளர் இலக்கத்தைச் சரியாகவே வாசித்தார். அவர் எதையும் மாற்றவில்லை. கீழே என் பெயர், என் ஐடென்டி நம்பர், அதில் வரும் மூன்று சைபருக்கும் கோடு. ஒரு போட்டோகொப்பி எடுத்து, பென்சில் அச்சோடு சேர்த்து என் கைப்பையில் வைத்திருக்கிறேன். போகிற இடமெல்லாம் அது என்னோடு வரும்.

நீ இருந்திருந்தால் மெஷினை மூடி வை என்று மறுபடியும் குறுக்கே விழுந்திருப்பாய். கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. நீயும் அன்று என்னிடம் கேட்கவில்லை.